மயிலாள் துடைத்த பாபின்

திருப்பூரில் ஒரு காலத்தில் புது நிட்டிங் மெஷின் இறக்குகிறவர்கள் தேங்காய் உடைப்பார்கள், சூடம் காட்டுவார்கள், அப்புறம் மயிலாளுக்கு ஆள் அனுப்புவார்கள். அவள் வந்து நூல் சுற்றிய முதல் பாபினை எடுத்து மெஷினில் வைத்தால்தான் முதலாளிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். அவள் கை பட்ட மெஷினில் நூலில் தூசி ஏறாது, ஊசி முறியாது, பனியன் துணியில் ஓட்டை விழாது என்று ஊர் நம்பியது. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, தங்கள் கம்பெனிக்கு மெஷின் வருகிற அன்று அவர்களும் ஆள் அனுப்புவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மயிலாள் வெள்ளைச் சேலைக்காரி. இருபத்து நாலு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள். சொந்த அண்ணன் மருதாசலத்தின் வீட்டில் காதுகுத்து நடந்தபோதுகூட, 'நீ சமையல்கட்டுப் பக்கமா இருந்துக்க மயிலா' என்று பக்குவமாகச் சொல்லி ஒதுக்கி வைத்தார்கள். அவளும் மூச்சுக் காட்டாமல் போய் வெங்காயம் உரித்தாள். அப்படிப்பட்டவளை வாசலில் வரவேற்று, கையில் முதல் பாபினைக் கொடுத்து, 'வெய்யி சாமி' என்று பனியன் முதலாளிகள் ஒதுங்கி நின்றார்கள் என்றால் அந்தக் கைக்கு எத்தனை மரியாதை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் அதே அண்ணன், தன் மானாவாரிக் காட்டில் சோளம் விதைக்கும்போது முதல் பிடியை அவள் கையால்தான் போடச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

இந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் செங்கோட்டையன் என்பவர் நூல் சுற்றும் பாபின் செய்கிற பிளாஸ்டிக் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதுவரைக்கும் மரப் பாபின்தான். மயிலாள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் ஒரு மூட்டையைப் பிரித்தார்கள். உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் குருணை. அவள் யாரும் பார்க்காத சமயம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். ருசியும் இல்லை, வாசமும் இல்லை. அந்தக் குருணையை மெஷினில் கொட்டி, சூடேற்றி, கைப்பிடியை இழுத்து அழுத்தி, அச்சைத் திறந்ததும் ஒரு முழுப் பாபின் வந்து விழுந்தது. செதுக்கவில்லை, இழைக்கவில்லை, கடையவில்லை. மயிலாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மத்தியானச் சோறுகூட அவளுக்கு இறங்கவில்லை. இப்படியும் ஒரு வஸ்து உலகத்தில் இருக்கிறதா என்று ஒரு வாரம் வரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வெகு சீக்கிரத்தில் கலவை போடுவது அவள் வேலை ஆயிற்று. குருணைக்கு நிறம் ஏற்ற வேண்டும். சாயத்தூள் குருணையில் தானாகப் பிடிக்காது. அதற்காகக் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் விட்டு டிரம்மில் போட்டு உருட்டுவார்கள். எண்ணெய் குறைந்தால் பாபினில் நிறம் திட்டுத் திட்டாக விழும். எச்சாகப் போனால் இரண்டே நாளில் பாபின் வேர்த்து வழியும். எண்ணெய் மெல்ல வெளியே வந்து பிசுபிசுக்கும், அதில் தூசி அப்பிக்கொள்ளும், கடைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். மயிலாள் அளவுக் கரண்டியை நம்பமாட்டாள். டிரம்முக்குள் கைவிட்டு நாலு குருணையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்ப்பாள். 'போதும்' என்பாள், அல்லது 'இன்னொரு சொட்டு' என்பாள். அவள் சொன்னது தப்பியதே இல்லை.

செய்து முடித்த பாபின்களைத் துணியால் துடைத்துத்தான் பெட்டியில் அடுக்குவார்கள். மாலையில் எல்லாப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து துடைப்பார்கள். இங்கேதான் அவளுக்குப் பேர் வந்தது. பிளாஸ்டிக் பாபினுக்கு ஒரு பெரிய வியாதி உண்டு. மாசி, பங்குனியில் காற்றுக் காய்ந்து கிடக்கும்போது அது பறக்கிற பஞ்சுத்தூசியையெல்லாம் தன் மேல் இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும். அந்தத் தூசி நூலோடு போய் ஊசியில் சிக்கினால் துணியில் ஓட்டை. பனியன்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் மயிலாள் துடைத்த பாபினில் மட்டும் சில வாரங்களுக்குத் தூசி ஒட்டாது. ஒரே அச்சு, ஒரே கலவை, ஒரே மெஷின். பக்கத்தில் உட்கார்ந்து துடைக்கிற வேலாத்தாளின் பாபினிலோ பஞ்சு பொங்கிக் கிடக்கும். 'இவ கை ராசியில்லாத கை' என்று வேலாத்தாளைச் சொன்னார்கள். 'மயிலாளுக்குக் கைராசி' என்றார்கள். பனியன் கடைத்தெருவான காதர்பேட்டை வரைக்கும் அந்தப் பேச்சுப் பரவியது. பதினாலு வருஷம் அப்படியே ஓடியது.

இனி அமானுல்லா.

அவர் காதர்பேட்டையில் பனியன் வியாபாரம் செய்தவர். பாபின் தொழிலைப் பற்றி அரிச்சுவடி தெரியாது. ஒரு நாள் ஏதோ வேலையாகச் சாயப்பட்டறைக்குப் போனவர் ஓரமாகக் கிடந்த உடைந்த பிளாஸ்டிக் போணி ஒன்றைப் பார்த்தார். துணியை வழுவழுப்பாக்க ஊற்றுகிற டர்க்கி ஆயிலை மொண்டு மொண்டு ஊறிப்போன போணி அது. பட்டறை முழுக்கப் பஞ்சு. சுவரில் பஞ்சு, கயிற்றில் பஞ்சு, ஆட்களின் புருவத்தில் பஞ்சு. அந்தப் போணியில் மட்டும் ஒரு இழைகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் காலால் எத்திவிட்டுப் போயிருப்பார்கள். அவர் அதை வீட்டுக்கு எடுத்து வந்து அலமாரியில் வைத்தார். அவர் மனைவி சைதுன்னிசா இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாளாம்.

அதற்கப்புறம் நாலு வருஷம் அவர் பட்ட பாடு தனிக்கதை. டர்க்கி ஆயிலைக் குருணையோடு கலந்தார். கலவை கெட்டது. வேறு அளவில் கலந்தார். மெஷின் புகைந்தது. பிளாஸ்டிக் வேர்ப்பது குற்றம் என்று தொழிலே சொல்லிக்கொண்டிருந்தபோது, 'வேர்க்கட்டும், ஆனால் மெதுவாக வேர்க்கட்டும்' என்றார் அவர். கடைசியில் பாபினின் உள்ளேயிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் அந்த எண்ணெய் வருஷக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்படி ஒரு கலவையைப் பிடித்துவிட்டார். துடைக்கவே தேவையில்லை. மாசி மாதத்திலும் பஞ்சு ஒட்டாது.

எழுபத்து மூன்றில் அந்தக் கலவைக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். பம்பாயிலிருந்த ஒரு பெரிய பிளாஸ்டிக் கம்பெனி எதிர்த்தது. 'எண்ணெய் போட்டால் பிளாஸ்டிக் வேர்க்கும் என்பது பழைய சங்கதி. டர்க்கி ஆயில் அதைவிடப் பழைய சரக்கு. இரண்டையும் சேர்ப்பது எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது. இதில் கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது?' என்றது. காப்புரிமை அலுவலகம் அதை ஒப்புக்கொண்டு மனுவைத் தள்ளிவிட்டது. அமானுல்லா சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போனார்.

அங்கே நீதிபதிக்கு முன்னால் இரண்டு பக்கமும் பேராசிரியர்களின் வாக்குமூலங்கள். ஒருவர் எளிது என்றார். இன்னொருவர் அரிது என்றார். நீதிபதி சலித்துப்போனார். சட்டம் கேட்பது பேராசிரியருக்குத் தோன்றுமா என்பதை அல்ல. தொழில் முழுக்கத் தெரிந்த, ஆனால் புதிதாக எதையும் கண்டுபிடிக்கிற புத்தி வாய்க்காத ஒரு சாதாரண ஆளுக்கு அது தோன்றுமா என்பதைத்தான். அப்படி ஒரு ஆளைச் சட்டப் புத்தகத்தில் பார்க்கலாமே தவிர, யாரும் நேரில் பார்த்ததில்லை. நீதிபதி ஞானசம்பந்தம் என்ற வக்கீலைக் கமிஷனராகப் போட்டு, தொழில் நடக்கிற இடத்துக்கே போய்க் கை அழுக்கான ஆட்களின் சாட்சியத்தைப் பதிந்து வரச் சொன்னார். கம்பெனி தன் சாட்சியாக மயிலாளின் பெயரைக் கொடுத்தது. செங்கோட்டையன் அந்தக் கம்பெனியிடம்தான் குருணை வாங்கிக்கொண்டிருந்தார்.

எழுபத்தேழு மாசியில், விசாரணைக்கு நாலு நாள் முன்பு, கம்பெனி ஆள் ஒருவர் பட்டறைக்கு வந்தார். அமானுல்லாவின் மனுவை மயிலாளுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னார். பொய் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. எண்ணெய் கூடினால் பிளாஸ்டிக் வேர்க்கும் என்று சொல்ல வேண்டும். டர்க்கி ஆயிலைப் பற்றித் தெரியும் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்க்கலாம் என்று எந்தத் தொழிலாளிக்கும் தோன்றும் என்று சொல்ல வேண்டும்.

"உனக்குத் தெரியாததா மயிலா?" என்றார் செங்கோட்டையன். "தெரியுமுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. தெரியாதுன்னு சொன்னா உன்ற பேருக்குத்தான் கேவலம்."

"ஆமாங்க மொதலாளி," என்றாள். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு பனியன் வியாபாரிக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்று ஊர் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் மட்டும் பட்டறையில் இருந்தாள். மிச்சமிருந்த பாபின்களைத் துடைக்கலாம் என்று தன் துணியை எடுத்தாள். அது பழைய துணி. பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர்கள் வேலிக்கு வெளியே வீசுகிற கந்தல்களில் ஒன்று. சாயத்தூள் பட்டு உள்ளங்கை வெடிப்பு விட்டிருந்த காலத்தில், இதமாக இருக்கிறதே என்று எடுத்து வந்தாள். அன்றிலிருந்து அந்தக் கந்தல்தான். நைந்தால் வேலி ஓரம் போய் இன்னொன்று எடுத்துக்கொள்வாள். துவைத்தால் மொரமொரப்பாகிவிடும் என்பதால் துவைக்கமாட்டாள். நல்ல துணியைப் பிறத்தியார் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சேலைக்குள் முடிந்து வைத்திருப்பாள். வேலாத்தாளோ வீட்டிலிருந்து பழைய சேலைக் கிழிசலை வெளுத்துக் கொண்டுவருவாள்.

ஏன் அன்றைக்குத் துணியை முகர்ந்து பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. டர்க்கி ஆயில் வாசம் மூக்கில் ஏறியது.

மயிலாள் துணியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் வேலாத்தாளின் கிழிசலைக் கொண்டுவந்தாள். அதே கையால் ஒரு பாபினை அந்தக் கிழிசலால் துடைத்தாள். இன்னொன்றைத் தன் கந்தலால் துடைத்தாள். இரண்டையும், வேலி தாண்டிப் பறந்து வந்து தரையில் கிடந்த பஞ்சின் மேல் பிடித்தாள். கிழிசலால் துடைத்த பாபினுக்குப் பஞ்சு எழும்பி வந்து ஒட்டியது. மற்றதில் ஒரு இழைகூட அசையவில்லை. மறுபடியும் செய்தாள். மூன்றாம் தடவையும் செய்தாள். அதே கை, வேறு துணி. கையில் ஒன்றுமே இல்லை.

பிளாஸ்டிக் குருணையை முதன்முதலில் பார்த்த நாளில் அடைந்த ஆச்சரியம் இதற்கு முன்னால் தூசு. பதினாலு வருஷம் தினமும் அந்தத் துணி அவள் விரலுக்குள் இருந்தது. எண்ணெய் அவள் ரேகைக்குள் ஊறியிருந்தது. பஞ்சு ஒட்டாததை அவள் கண்ணாலேயே பார்த்தாள், ஆயிரம் தடவை பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு எட்டு. அந்த ஒரு எட்டை அவள் வைக்கவில்லை. ஒரு உடைந்த போணியைப் பார்த்த மனிதர் வைத்துவிட்டார். அந்த மனிதரின் கண் எப்படிப்பட்ட கண்ணாக இருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு புல்லரித்தது. கை கூப்ப வேண்டும் போலிருந்தது.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. இதை வெளியே சொன்னால் கைராசி போயிற்று. கைராசி போனால் அவளிடம் மிஞ்சுவது வெள்ளைச் சேலை ஒன்றுதான். யாரும் வாசலில் நின்று வா என்று கூப்பிட மாட்டார்கள். அண்ணன் வீட்டு விதைப்பும் இல்லை, மறுபடி வெங்காயம் உரிக்க வேண்டியதுதான். 'தெரியுமுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் இருந்தபடி இருக்கும். அமானுல்லாவின் நாலு வருஷம் மட்டும் போய்விடும்.

விசாரணை பட்டறையிலேயே நடந்தது. மேசையில் கமிஷனர் ஞானசம்பந்தம், பக்கத்தில் டைப் அடிக்கிறவர், இரண்டு பக்கத்து வக்கீல்கள். செங்கோட்டையன் வெள்ளை வேட்டியில் நின்றார். ஊரிலிருந்து நாலைந்து பனியன் முதலாளிகள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அமானுல்லா சுவரோரமாக நின்றார். மயிலாள் சத்தியப் பிரமாணம் எடுத்தாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "எண்ணெய் கூடினா பிளாஸ்டிக் வேர்க்கும். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுமுங்க."

"டர்க்கி ஆயில் தெரியுமா?"

"பக்கத்துச் சாயப்பட்டறையில தெனமும் பாக்கறதுதானுங்க."

"அப்ப பாபின்ல பஞ்சு ஒட்டாம இருக்க அந்த எண்ணெயைக் கலக்கலாம்னு உங்களை மாதிரி அனுபவமுள்ள ஒரு தொழிலாளிக்குத் தோணும். சரிதானே?"

மயிலாள் பட்டறைப் பெண்களோடு நின்ற வேலாத்தாளைப் பார்த்தாள். டைப் அடிக்கிறவர் விரலைத் தூக்கியபடி காத்திருந்தார். செங்கோட்டையன் கனைத்தார்.

"இதுக்கு வாயில சொன்னாப் பத்தாதுங்க சாமி," என்றாள். "ரெண்டு பாபின் குடுக்கச் சொல்லுங்க."

கமிஷனர் தலையாட்டினார். பாபின் வந்தது. அவள் சேலை முடிப்பை அவிழ்த்துத் தன் கந்தலை எடுத்து வேலாத்தாளிடம் நீட்டினாள். "இந்தா, நீ இதுல தொடை. உன்ற துணிய எனக்குக் குடு." வேலாத்தாள் மிரண்டு போய்த் துடைத்தாள். மயிலாளும் துடைத்தாள். தரையில் பஞ்சைப் பரப்பி இரண்டு பாபின்களையும் அதன் மேல் பிடித்தார்கள்.

ராசிக்காரியின் பாபினில் பஞ்சு தாவி ஏறியது. ராசியில்லாதவளின் பாபின் துளிகூட அழுக்கில்லாமல் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த முதலாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேலாத்தாள் பாபினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"என்ற கையில ஒண்ணுமில்லீங்க," என்றாள் மயிலாள். "அது சாயப்பட்டறைக் கந்தலுங்க. டர்க்கி ஆயில்ல ஊறுனது. பதினாலு வருசமா அதுலதான் தொடைக்கறன்."

கம்பெனி வக்கீல் துள்ளினார். "பதிவு பண்ணிக்குங்க! இந்த எண்ணெயோட குணம் பதினாலு வருஷமா இந்தத் தொழில்ல புழக்கத்துல இருந்திருக்கு. சாட்சியே நடத்திக் காட்டியாச்சு. இதைவிட எளிதில் தெரியக்கூடியது வேற என்ன இருக்கு?"

செங்கோட்டையன் முகத்தில் இரத்தம் திரும்பியது. அமானுல்லா கண்ணை மூடிக்கொண்டார்.

"பொறுங்க சாமி," என்றாள் மயிலாள். "நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லலீங்க. புழக்கத்துல இருந்துச்சு, வாஸ்தவம். என்ற கைக்குள்ளயே இருந்துச்சு. தெரிஞ்சுதான்னு கேளுங்க. தெரிஞ்சிருந்தா அதுக்குக் கைராசின்னா பேரு வெச்சிருப்பன்?"

வக்கீல் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"இதா நிக்கறாங்களே மொதலாளிமாரு, இத்தனை பேரு மெஷினுக்கும் நான்தானுங்க மொதப் பாபின் வெச்சன். எல்லாரும் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, 'உன்ற துணியக் காட்டு மயிலா'ன்னு கேட்டதில்லீங்க. எல்லாரும் என்ற கையைத்தான் பாத்தாங்க. நானும் கையைத்தான் பாத்தனுங்க."

"இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"பாய் கண்டுபுடிச்சதை உங்க ஆளுதானுங்களே வந்து படிச்சுக் காட்டுனாரு. அதைக் கேட்ட பொறகுதான் துணிய மோந்து பாத்தன். இப்ப யாரைக் கேட்டாலும் இதென்ன பெரிய சங்கதிம்பாங்க. எனக்கே வெக்கமாத்தான் இருக்குது, இதுகூடத் தெரியாமப் போச்சேன்னு. ஆனா நீங்க கேக்கறது அவரு சொல்றதுக்கு முன்னாடி தோணுமான்னுதானுங்க. எனக்குத் தோணலீங்க. என்னையக் காட்டிலும் தொழில் தெரிஞ்சவ இங்க ஆரும் இல்லீங்க. எனக்குத் தோணாதது இன்னொருத்தருக்குச் சுளுவாத் தோணும்னு நான் சத்தியம் பண்ண மாட்டன்."

கமிஷனர் டைப் அடிக்கிறவரைப் பார்த்து, "அப்படியே அடிங்க. ஒரு வார்த்தை விடாதீங்க," என்றார். அப்புறம் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்கம்மா," என்றார். பட்டறையில் அவளை யாரும் அதுவரைக்கும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை.

செங்கோட்டையன் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் கலவைக்கு ஆள் இல்லை. ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். "ஊரே மதிச்ச பேரை ஒரே நாள்ல தூக்கிச் சாக்கடையில போட்டியே, உன்னைய யாரு கேட்டா?" என்று ஒரு தடவை மட்டும் பொருமினார். மெஷின் இறக்குகிறவர்கள் ஆள் அனுப்புவது நின்றது. வைகாசியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்த பிறகு வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். போனாள். சமையல்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு விஷயம் அவளை விட்டுப் போகவில்லை. எதைப் பார்த்தாலும் இப்போது இரண்டு தடவை பார்த்தாள். சோற்றுப் பானையில் மூடி ஏன் ஆடுகிறது, ஈரத்துணி ஏன் வெயிலைவிடக் காற்றில் சீக்கிரம் காய்கிறது, இவ்வளவு நாளும் எதற்கெல்லாம் ராசி என்றும் விதி என்றும் பேர் வைத்தோம் என்று யோசித்தாள். உலகம் பூராவும் யாரோ தன் கண் முன்னால் சாமானை வைத்துவிட்டுச் சொல்லாமல் போனது போல் இருந்தது. வேலாத்தாளும் அவளும் ஒரே கந்தலை இரண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டார்கள். வேலாத்தாளை ராசியில்லாதவள் என்று அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அமானுல்லா அவள் வீடு தேடி வந்தார். கையில் டைப் அடித்த கத்தை. தீர்ப்பு. அப்பீல் ஜெயித்துவிட்டது. வாசலில் நின்றபடியே தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். துணியால் துடைத்த எண்ணெய் சில வாரத்துக்கு மேல் நிற்காது, உள்ளே கலந்த எண்ணெய் வருஷக்கணக்கில் வேலை செய்கிறது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று நீதிபதி எழுதியிருந்தார். விடை தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லாக் கண்டுபிடிப்பும் எளிதாகத்தான் தெரியும் என்றும் எழுதியிருந்தார். அப்புறம் ஒரு இடத்தில் அமானுல்லா படிப்பதை நிறுத்தினார்.

"இதைக் கேளுங்கக்கா. 'ஒரு தொழிலின் மிகச் சிறந்த கையில் பதினாலு வருஷம் இருந்தும், அந்தக் கைக்கே புலப்படாமல், அதிர்ஷ்டம் என்று பேர் பெற்ற ஒன்றை எளிதில் தோன்றக்கூடியது என்று சொல்ல இந்த நீதிமன்றத்தால் முடியாது.' மிகச் சிறந்த கைன்னு போட்டிருக்காருங்க."

"என்ற பேரு இருக்குதுங்களா?"

"இதா இருக்குது." ஆங்கில எழுத்தில் இருந்த அவள் பெயரின் மேல் விரலை வைத்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. குனிந்து அந்த எழுத்துக்களை நெடுநேரம் பார்த்தாள்.

"அக்கா, நாளைக்குப் புதுப் பட்டறையில மொதக் கலவை போடறனுங்க. நீங்க வரோணும். நீங்கதான் மொதக் கை வெக்கோணும்."

மயிலாள் சிரித்துவிட்டாள். "ஏனுங்க பாய், என்ற கையில ஒண்ணுமில்லீன்னு கோர்ட்டுக்கே சொல்லிப்போட்டு வந்திருக்கறன். மறுபடி ராசி பாக்கறீங்களா?"

"ராசிக்குக் கூப்பிடலீங்க," என்றார் அவர்.

மறுநாள் காலையில் போனாள். புது டிரம், புதுக் குருணை. அமானுல்லா தராசில் நிறுத்து, கரண்டியில் அளந்து, எண்ணெயை விட்டு உருட்டி வைத்திருந்தார். நாலு வருஷம் பாடுபட்டுப் பிடித்து, காப்புரிமை வாங்கிய அளவு அது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்முக்குள் கையை விட்டாள். நாலு குருணையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். இன்னொரு தடவை தேய்த்தாள்.

"இன்னிக்கு மழை ஈரம் இருக்குதுங்க பாய்," என்றாள். "எண்ணெய் அரைக் கரண்டி எச்சாப் போச்சு."

அமானுல்லா தராசைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அவள் கட்டைவிரலைப் பார்த்தார். டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, அவள் சொன்னபடி முதலிலிருந்து கலக்கத் தொடங்கினார்.